முப்பத்தெட்டாவது பெட்டி

ஒன்பது ஐந்துக்கு
நீடாமங்கலம் கேட் இறங்கியது,
எங்கள் பஸ்ஸின் மூக்குக்கு நேராக.
டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுப்
பேப்பரை விரித்தார்.
பத்து மணிக்கு மன்னார்குடியில் எனக்கு
ரியல் அனாலிசிஸ்.

நெல் மூட்டை ஏற்றிய கூட்ஸ்
முன்னே போனது, யோசித்தது,
பின்னே வந்தது.
மழை தூறிக்கொண்டிருந்தது.
குடையை எடுத்துவரவில்லை என்பது
அப்போதுதான் ஞாபகம் வந்தது.

கல்லூரி வாசலில் இறங்கி ஓடியதில்
வலது செருப்பின் வார் அறுந்தது.
பத்து இருபத்தெட்டு.
ஹால் சூப்பர்வைசர்
கடிகாரத்தைப் பார்த்தார்,
செருப்பு ஒரு காலில் மட்டும் இருப்பதைப் பார்த்தார்,
ஒன்றும் சொல்லாமல்
பேப்பரைக் கொடுத்தார்.

பதினோராவது கேள்வி. ஐந்து மார்க்.
ஐந்து எக்ஸ் கூட்டல் இரண்டு
எல்லா இடத்திலும் தொடர்ச்சியானது என
எப்சிலான் டெல்டா முறையில் நிறுவுக.
எப்சிலான் எவ்வளவு சிறியதானாலும்
அதற்கேற்ற ஒரு டெல்டாவைக் காட்ட வேண்டும்.

பிறந்ததிலிருந்து டெல்டாவில்தான் இருக்கிறேன்.
மேட்டூரைத் திறந்தால்
எங்கள் வாய்க்காலின் கடைமடைக்கு
எத்தனையாவது நாள் தண்ணீர் வரும்
(வந்தால்)
என்று கேட்டிருந்தால்
மணிக்கணக்கோடு எழுதியிருப்பேன்.
அதைக் கேட்கவில்லை.
பேனா மட்டும் தாராளமாகக் கசிந்தது,
விரல், விடைத்தாள், தாவணி என்று
பாகுபாடில்லாமல்.

மதியம் டப்பா மூடி திறந்துகொண்டது.
பையைத் திறந்தால்
சராசரி மதிப்புத் தேற்றம்
தயிரில் ஊறிக் கிடந்தது.
ஊறுகாய் மட்டும் பத்திரமாக இருந்தது.

பவுசியா போனை நீட்டினாள்.
"ரீவேல்யூஷன் வந்துருச்சுடி.
மார்க் கூடிருக்கு!"
போன செமஸ்டர், வகைக்கெழுச் சமன்பாடுகள்.
எழுநூறு ரூபாய் கட்டியிருந்தேன்;
அப்பா உரத்துக்கு வைத்திருந்ததிலிருந்து.
முப்பத்தேழு
முப்பத்தெட்டு ஆகியிருந்தது.
நாற்பது எடுத்தால் பாஸ்.
பவுசியா என் முகத்தைப் பார்த்துவிட்டு
போனைத் திருப்பி
தன் மடியில் கவிழ்த்துக்கொண்டாள்.
பிறகு தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்தாள்.
"எனக்கு ஹாஸ்டல் பக்கத்துலதான."
அவள் கால் என்னைவிட
ஒரு சைஸ் சின்னது.

சாயங்காலம்
அதே கேட். அதே கூட்ஸாகவும் இருக்கலாம்.
அழுகை வரும் போலிருந்ததால்
பெட்டிகளை எண்ண ஆரம்பித்தேன்.
முப்பத்தாறு, முப்பத்தேழு,
முப்பத்தெட்டு.
நின்றுவிட்டது.

கதவில் சாக்கட்டியால் கிறுக்கிய
முப்பத்தெட்டாவது பெட்டி
என் ஜன்னலுக்கு நேராக
நனைந்துகொண்டு நின்றது.
அதற்குப் பின்னால் இரண்டே இரண்டுதான்.
எட்டிப் பார்த்தேன், சத்தியமாக இரண்டு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
அடக்க அடக்கப் பொத்துக்கொண்டு வந்தது.
பக்கத்து சீட் அக்கா
தன் கூடையைக் கொஞ்சம்
தள்ளி வைத்துக்கொண்டார்.
வண்டி குலுங்கி
பின்னால் நகர்ந்தது:
முப்பத்தேழு.
இன்னும் சிரித்தேன்.

அவித்த கடலை விற்ற பையனிடம்
இருபது ரூபாய் கொடுத்துப் பத்துக்கு வாங்கினேன்.
அவன் மீதியைத் தேடும்போது
கேட் தூக்கிவிட்டார்கள்.
பஸ் கிளம்பியது. போயிற்று என்று விட்டேன்.
ஆனால் அவன்
லாரிக்கும் டிராக்டருக்கும் நடுவே ஓடிவந்து
ஜன்னல் கம்பி வழியே
நோட்டைத் திணித்துவிட்டு நின்றான்.

கிழிந்த நோட்டு.

பரவாயில்லை.
கேள்வித்தாளின் பின்பக்கத்தை விரித்தேன்.
ஓர் ஓரம் தயிர், ஓர் ஓரம் மை.
முழங்காலில் வைத்து
பள்ளத்துக்கு ஓர் எழுத்து,
மேட்டுக்கு ஓர் எழுத்தாக எழுதிக்கொண்டே வந்தேன்.

வெண்ணாற்றுப் பாலத்தில்,
கீழே செம்மண் நிறத்தில்
தண்ணீர் கரைமுட்டப் போய்க்கொண்டிருக்க,
ஆறு பத்துக்கு
அது வந்தது:
டெல்டா என்பது
எப்சிலானில் ஐந்தில் ஒரு பங்கு.
அவ்வளவுதான். மூன்றே வரி.

இனி அதற்கு மார்க் கிடையாது.
இருந்தாலும்
விடைக்கு அடியில்
ஸ்கேல் இல்லாமல்
இரண்டு கோடு போட்டேன்.